ஈ.சீ.ஜீ. இயந்திரமும் வில்லெம் ஐந்தோவனும்

நெஞ்சு நோவு என்று வைத்தியசாலைக்குப் போனால் முதலில் எடுப்பது ஈ.சீ.ஜீ. கையிலும் காலிலும் நெஞ்சிலும் குளிர்ந்த பசையைத் தடவி மின்வாய்களைப் பொருத்துகிறார்கள். சில நிமிடங்களில் சின்னச் சின்னக் கட்டங்கள் போட்ட தாள் ஒன்று வெளியே வருகிறது. அதில் மேடும் பள்ளமுமாக ஓடும் கோட்டைப் பார்த்து, இதயத்தின் எந்தப் பகுதியில் என்ன கோளாறு என்று வைத்தியர் சொல்லிவிடுகிறார். அந்தக் கோடு நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதைச் சரியாக வரையச் செய்த மனிதரை நம்மில் பலர் அறிந்திருக்கமாட்டோம்.

நான் உயர்தரத்தில் கணிதப் பிரிவில் கற்கிறேன். உயிர்மருத்துவப் பொறியியலாளராக வர வேண்டும் என்பது எனது விருப்பம். இதை வீட்டில் சொன்னபோது, அது டொக்டர் வேலையா இஞ்சினியர் வேலையா என்று உம்மா கேட்டார். எங்கள் கல்லூரியில் இந்தத் துறையைப் பற்றிப் பேசும் எல்லோரிடமும் இந்தக் கேள்வி வருகிறது. வரைவிலக்கணம் சொல்லி இதற்குப் பதில் தருவது கஷ்டம். வில்லெம் ஐந்தோவனின் வாழ்க்கையைச் சொன்னால் விளங்கும் என்று நினைக்கிறேன். அவருடைய காலத்தில் இந்தத் துறைக்குப் பெயர்கூட வைக்கப்படவில்லை.

ஐந்தோவன் ஒல்லாந்தர். ஆனால் ஒல்லாந்து நாட்டில் பிறந்தவரல்லர். 1860ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் திகதி ஜாவாத் தீவின் செமராங் நகரில் பிறந்தார். ஜாவா அப்போது ஒல்லாந்தரின் ஆட்சியில் இருந்தது. (நமது நாட்டு மலாய் முஸ்லிம்களின் முன்னோர் பலரை ஒல்லாந்தர் இலங்கைக்குக் கொண்டுவந்ததும் அந்தத் தீவிலிருந்துதான். மலாய்க்காரரை ஜாவா மனிசர் என்று நம் பெரியவர்கள் சொல்வதற்கும் அதுதான் காரணம்.) தந்தை ஜேக்கப் ஐந்தோவன் செமராங்கில் வைத்தியராக இருந்தார். வில்லெமுக்கு ஆறு வயதானபோது தந்தை காலமாகிவிட்டார். தாய் லூயிஸ் டி வோகலிடம் ஆறு பிள்ளைகள். 1870இல் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு கடல் கடந்து ஒல்லாந்தின் உட்ரெக்ட் நகருக்குப் போய்க் குடியேறினார் அந்தத் தாய். ஐந்தோவனைப் பற்றி எழுதியவர்கள் இந்தப் பயணத்தை ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது ஒரு வரியில் முடிகின்ற விஷயமாகத் தெரியவில்லை. கணவனை இழந்த ஒரு பெண், பிள்ளைகளின் படிப்பு எங்கே நடக்க வேண்டும் என்று தானே தீர்மானித்து அதைச் செய்தும் காட்டியிருக்கிறார்.

1878இல் வில்லெம் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். படிப்புச் செலவுக்கு வீட்டில் வசதி இல்லை. இராணுவத்தின் உதவித்தொகை கிடைத்தது. படித்து முடித்ததும் கிழக்கிந்தியத் தீவுகளுக்குப் போய் இராணுவ வைத்தியராக வேலை செய்ய வேண்டும் என்பது அதற்கான நிபந்தனை. தந்தையின் வழியிலேயே ஜாவாவுக்குத் திரும்பிப் போவதாகத்தான் ஏற்பாடு.

அவர் அறைக்குள் அடைந்து கிடந்து படித்த மாணவர் அல்லர். உடற்பயிற்சி, வாள் விளையாட்டு, படகோட்டம் எல்லாவற்றிலும் ஈடுபாடு. ஒருமுறை விளையாட்டில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கட்டுப் போட்ட கையோடு அறையில் இருக்க வேண்டியதாயிற்று. உள்ளங்கையை மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் திருப்பும்போது முழங்கையும் தோள்மூட்டும் எப்படி வேலை செய்கின்றன என்ற கேள்வி அந்த நாட்களில் அவருக்கு எழுந்தது. அதை ஆராய்ந்து ஒரு கட்டுரையும் எழுதினார். உடம்பின் ஓர் உறுப்பை, அச்சும் நெம்புகோலும் உள்ள ஒரு பொறியைப் பார்ப்பதுபோல் பார்க்கும் கண் அவருக்கு மாணவப் பருவத்திலேயே இருந்திருக்கிறது. 1885இல் அவர் பெற்ற கலாநிதிப் பட்டமும் அப்படிப்பட்டதுதான். நிற வேறுபாட்டால் தட்டையான படமொன்று ஏன் முன்னும் பின்னுமாகத் தெரிகிறது என்பது ஆய்வின் பொருள். பாதி கண் மருத்துவம், பாதி ஒளியியல்.

அதே ஆண்டில், 25 வயதில், லைடன் பல்கலைக்கழகத்தில் உடற்றொழிலியல் பேராசிரியராகத் தெரிவானார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் வைத்தியருக்கான இறுதிப் பரீட்சையையும் முடித்துக்கொண்டு கடமையை ஏற்றார். ஜாவாவுக்குப் போகும் ஏற்பாடு அத்தோடு நின்றது. மீதி வாழ்நாள் முழுவதும், நாற்பது ஆண்டுகளுக்கு மேல், லைடனிலேயே கழிந்தது.

இதயம் துடிக்கும்போது ஒரு சிறிய மின்சாரம் உண்டாகிறது என்பது அக்காலத்தில் தெரிந்த விஷயம். தவளையின் இதயத்திலும் பிற விலங்குகளின் இதயத்திலும் அதை அளந்திருந்தார்கள். 1887இல் இலண்டனில் ஒகஸ்டஸ் வொலர் என்ற உடற்றொழிலியலாளர், நெஞ்சைத் திறக்காமல் தோலின் மேலிருந்தே மனித இதயத்தின் மின்சாரத்தைப் பதிவு செய்து காட்டினார். 1889இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் நடந்த உடற்றொழிலியல் மாநாட்டில் வொலர் அதைச் செய்து காட்டியபோது ஐந்தோவனும் அங்கே இருந்தார்.

வொலர் பயன்படுத்தியது மயிர்த்துளை மின்மானி என்ற கருவி. மிக மெல்லிய கண்ணாடிக் குழாயில் இரசமும் அதைத் தொட்டுக்கொண்டு ஐதான சல்பூரிக்கமிலமும் இருக்கும். மின்னழுத்தம் மாறினால் இரசத்தின் மட்டம் சற்று ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை நுணுக்குக்காட்டியினூடாகப் பெருப்பித்து, ஓடும் ஒளிப்படத் தகட்டில் பதிவார்கள். கருவி கெட்டித்தனமானது. ஆனால் இரசம் பாரமான திரவம், உடனே நகராது. இதயத்தின் மின்சாரம் ஒரு செக்கனின் சிறு பங்கில் ஏறி இறங்கிவிடும். இரசம் அசையத் தொடங்குவதற்குள் உண்மையான ஏற்றம் முடிந்துபோகும். ஆகவே தகட்டில் விழுந்தது இதயத்தின் கோடு அல்ல. இதயத்தைத் துரத்தி ஓடிப் பின்தங்கிய இரசத்தின் கோடு. போதாததற்கு, தெருவில் வண்டிகள் போனால் அந்த அதிர்வில் கருவியும் நடுங்கியது.

ஒரு வைத்தியராக மட்டும் இருந்திருந்தால், கிடைத்த கோடு போதும் என்று அவர் திருப்திப்பட்டிருக்கலாம். ஐந்தோவனுக்கு அந்தக் கோட்டில் நம்பிக்கை வரவில்லை. கருவி எவ்வளவு பிழை விடுகிறது என்று கணக்கிட்டால், பிழையைக் கழித்து உண்மையைக் கண்டுபிடிக்கலாமே என்று யோசித்தார். அதற்கு வகையீடும் தொகையீடும் தெரிந்திருக்க வேண்டும். மருத்துவம் படித்தவருக்கு அது தெரியாது. அதே லைடனில் லோரன்ஸ் என்ற புகழ்பெற்ற பௌதிகவியல் பேராசிரியர் இருந்தார், பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர். அவர் எழுதிய நுண்கணிதப் பாடநூலை எடுத்துவைத்துக்கொண்டு, பேராசிரியராக இருக்கும்போதே, ஐந்தோவன் மாணவனைப்போல் முதலிலிருந்து படித்தார்.

இணைந்த கணிதம் படிக்கும் தோழிகளுக்கு அவர் செய்தது உடனே விளங்கும். பதிவான வளைகோட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் தொடலியின் சாய்வை அளந்தார். இரசம் எவ்வளவு வேகமாக ஏறுகிறதோ, அவ்வளவுக்கு அது உண்மையான நிலையிலிருந்து பின்தங்கியிருக்கிறது என்று அர்த்தம். ஆகவே புள்ளியின் உயரத்தோடு சாய்வுக்கு விகிதசமமான ஓர் அளவைக் கூட்டினால் அந்தக் கணத்தின் உண்மையான மின்னழுத்தம் வந்துவிடும். இப்படிப் புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டுப் புதிய வளைகோடு ஒன்றைக் கையால் வரைந்தார். பரீட்சைக்காக நாம் செய்யும் வகையீட்டுக் கணக்குகளை நினைத்துப் பாருங்கள். ஒரேயொரு இதயத் துடிப்புக்காக அவர் அப்படி எத்தனையோ கணக்குகள் செய்ய வேண்டியிருந்தது.

1895இல் அந்தத் திருத்திய வளைகோட்டை வெளியிட்டார். பழைய, திருத்தப்படாத கோட்டின் அலைகளுக்கு ஏ, பீ, சீ, டீ என்று பெயரிட்டிருந்தார். திருத்திய கோட்டில் மேடு பள்ளங்கள் வேறாக இருந்தன. இரண்டும் குழம்பாமலிருக்க, ஆங்கில நெடுங்கணக்கின் நடுவிலிருந்து ஐந்து எழுத்துகளை எடுத்துப் புதியவற்றுக்குச் சூட்டினார். பி, கியூ, ஆர், எஸ், ரி என்று இன்றும் உலகம் முழுவதும் மருத்துவ மாணவர்கள் மனனம் செய்வது அந்த எழுத்துகளைத்தான். அந்தப் பெயர்கள் வந்தபோது அவற்றை நேரடியாகக் காட்டும் இயந்திரம் ஒன்றும் உலகில் இருக்கவில்லை. கணக்கில் மட்டுமே இருந்த அலைகள் அவை.

ஒவ்வொரு நோயாளிக்கும் இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது. பின்தங்காத கருவி ஒன்று வேண்டும். அக்காலத்துக் கல்வனோமானிகளை எடுத்து, அவற்றில் எது வேகத்தைக் குறைக்கிறது என்று பார்த்தார். காந்தத்துக்கு நடுவில் தொங்கும் கம்பிச் சுருள் பாரமாக இருந்ததுதான் காரணம். சுற்றுகளைக் குறைத்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று கணக்கிட்டார். கடைசியில் சுருளே இல்லாமல் ஒரே ஓர் இழை மட்டும் மிஞ்சியது. வலிமையான காந்தப் புலத்தில் ஓர் இழையை நேராக நிறுத்தி, அதனூடாக இதயத்தின் மின்சாரத்தை அனுப்பினால் இழை பக்கவாட்டில் விலகும். பௌதிகவியல் பாடத்தில் பிளெமிங்கின் இடக்கை விதியில் விரல்களை மடக்கி நாம் திசை பார்க்கிறோமே, அதே விசைதான். கடலடித் தந்திச் சேவைக்காக ஆதேர் என்ற பிரெஞ்சுக்காரரும் 1897இல் இழைக் கருவி ஒன்றைச் செய்திருந்தார். ஆனால் ஐந்தோவனுக்கு வேண்டிய நுட்பம் அதில் இல்லை. இதயத்திலிருந்து தோலுக்கு வந்து சேரும் மின்னழுத்தம் ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ற்று. அதற்கு அசையக்கூடிய இழை எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும்!

அவர் தெரிவு செய்தது குவார்ட்ஸ் என்ற படிகக் கல்லை. ஒரு துண்டை அம்பின் பின்புறத்தில் பொருத்தி, உருகும்வரை சூடாக்கி, வில்லிலிருந்து அம்பை எய்வார்கள். அம்பு பாயும் வேகத்தில் உருகிய படிகம் நூலாக இழுபட்டுக் குளிரும். அப்படிக் கிடைத்த நூலின் விட்டம் ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் இரண்டு மூன்று பங்குதான். நமது தலைமுடி அதைவிட இருபது முப்பது மடங்கு பருமன். குவார்ட்ஸ் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே அந்த நூலின் மேல் வெள்ளியை மிக மெல்லியதாகப் பூசினார்கள். வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு நூலை இழுத்து, பூசி, உடையாமல் காந்தத்தின் நடுவே நிறுத்துவதற்கு எத்தனை முறை முயன்றிருப்பார்கள்! இங்கே பேராசிரியரின் கணக்கு மட்டும் உதவாது. கைவேலை தெரிந்த ஒருவர் வேண்டும். ஐந்தோவனின் ஆய்வுகூடத்தில் வன் டெர் வூர்ட் என்ற தொழில்நுட்ப உதவியாளர் இருந்தார். அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

1901இல் இழைக் கல்வனோமானியைப் பற்றிய முதற் கட்டுரை வந்தது. 1902இல் அதைக்கொண்டு எடுத்த மனித இதயத்தின் பதிவு வெளிவந்தது. முன்னர் கணக்கிட்டு வரைந்த கோட்டையும் இயந்திரம் நேரே வரைந்த கோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இரண்டும் ஒத்திருந்தன. ஐந்தோவனின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். ஏழு ஆண்டுகளுக்கு முன் தாளில் கணக்கிட்ட ஒன்றைப் படிக நூல் ஒன்று வந்து சரி பார்த்துக் கொடுத்தது.

அந்த இயந்திரத்தின் படத்தைப் பார்த்தால் சிரிப்பும் வரும், மலைப்பும் வரும். நிறை ஏறத்தாழ 270 கிலோகிராம். இரண்டு அறைகள் தேவைப்பட்டன. இயக்குவதற்கு ஐந்து பேர் வேண்டும். மின்காந்தம் சூடாகிவிடும் என்பதால் நீரோட்டம் வைத்துக் குளிர்விக்க வேண்டும். இன்று நெஞ்சில் ஒட்டும் மின்வாய்கள் அப்போது இல்லை. நோயாளி கோட்டு அணிந்து, காற்சட்டையின் ஒரு காலை மடித்துவிட்டுக்கொண்டு கதிரையில் உட்கார்ந்திருப்பார். இரண்டு கைகளும் இடது காலும் உப்பு நீர் நிறைந்த பெரிய சாடிகளுக்குள் இருக்கும். வில் விளக்கின் ஒளி இழையின் மேல் விழும். இழையின் நிழல் பல நூறு மடங்கு பெருத்து, செக்கனுக்கு 25 மில்லிமீற்றர் நகரும் ஒளிப்படத் தகட்டில் விழும். சுழலும் சக்கரத்தின் ஆரங்கள் அந்த ஒளியை இடையிடையே மறைத்து நேரக் கோடுகளைப் போடும். இன்று வைத்தியசாலையில் தாள் நகரும் வழக்கமான வேகமும் செக்கனுக்கு 25 மில்லிமீற்றர்தான். ஒரு மில்லிவோல்ற்றுக்கு 10 மில்லிமீற்றர் உயரம் என்ற அளவும் அவர் வைத்ததே.

இன்னொரு சிக்கல் வந்தது. நோயாளிகள் இருந்தது வைத்தியசாலையில். இயந்திரம் இருந்தது ஒன்றரைக் கிலோமீற்றர் தள்ளி, ஆய்வுகூடத்தில். நடக்க முடியாத நோயாளியை அங்கே கொண்டுபோக இயலாது. 270 கிலோகிராம் இயந்திரத்தை இங்கே கொண்டுவரவும் இயலாது. ஆகவே இரண்டுக்கும் இடையே தொலைபேசிக் கம்பியை இணைத்தார்கள். 1905இல் வைத்தியசாலையில் இருந்தவரின் இதயத் துடிப்பு நகரத்தின் வழியே ஓடிவந்து ஆய்வுகூடத்தில் படமாக விழுந்தது. தொலைவிலிருந்து நோயைக் கணிக்கும் தொலைமருத்துவம் புதியது என்று நாம் நினைக்கிறோம். அது நூறு வருஷங்களைத் தாண்டிவிட்டது. அடுத்த ஆண்டு ஐந்தோவன் வெளியிட்ட கட்டுரையில், இதய அறைகள் பருத்தவர்கள், துடிப்பு இடையில் தவறி வருபவர்கள், மேலறைக்கும் கீழறைக்கும் இடையே தொடர்பு அறுந்தவர்கள் என்று பலவகை நோயாளிகளின் கோடுகள் இருந்தன. வெளியிலிருந்து காது வைத்துக் கேட்டவர்களுக்குப் பிடிபடாத வேறுபாடுகள் அவை.

இந்த இடத்தில் பெற்றோருக்குச் சில வார்த்தைகள். பிள்ளை கணிதம் எடுத்தால் மருத்துவத்தை விட்டுவிட்டாள் என்று பல வீடுகளில் கவலைப்படுகிறார்கள். நமது நாட்டில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவப் பொறியியலைப் பட்டப்படிப்பாகக் கற்கலாம். பொறியியற் பீடம் என்பதால் உயர்தரத்தில் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் இரசாயனவியலும் கற்றவர்களே அங்கே போகலாம். சுகாதார அமைச்சிலும் உயிர்மருத்துவப் பொறியியல் சேவைகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. வைத்தியசாலையின் குருதி சுத்திகரிப்பு இயந்திரம், குறைமாதக் குழந்தையை வைக்கும் பெட்டி, செயற்கைச் சுவாச இயந்திரம் ஆகியவற்றுக்குப் பின்னால் இந்தத் துறையினர் நிற்கிறார்கள். மருத்துவமும் கருவியும் வேறு வேறு உலகங்கள் அல்ல என்பது முஸ்லிம்களாகிய நமக்குப் புதிய செய்தியுமல்ல. ஆயிரம் வருஷங்களுக்கு முன் ஸ்பெயினின் குர்துபாவில் வாழ்ந்த அஸ்ஸஹ்ராவி தமது மருத்துவ நூலில் ஏறத்தாழ இருநூறு சத்திரசிகிச்சைக் கருவிகளைப் படம் வரைந்து விளக்கியிருக்கிறார்.

ஐந்தோவனிடம் திரும்புவோம். கைகளையும் இடது காலையும் மட்டும் தொட்டு எப்படி இதயத்தின் திசையை அறிவது? 1913இல் வெளியிட்ட கட்டுரையில் அதற்கு விடை தந்தார். வலது கை, இடது கை, இடது கால் மூன்றையும் ஒரு சமபக்க முக்கோணத்தின் உச்சிகளாக வைத்துக்கொண்டார். நடுவில் இதயம். இதயத்தின் மின்சாரத்தைப் பருமனும் திசையும் கொண்ட ஒரு காவியாக எடுத்து, முக்கோணத்தின் மூன்று பக்கங்களிலும் அதன் எறியங்களைப் பார்த்தார். முதலாவது பக்கத்தின் அளவையும் மூன்றாவது பக்கத்தின் அளவையும் கூட்டினால் இரண்டாவது பக்கத்தின் அளவு வர வேண்டும். கேர்ச்சோவின் விதி தெரிந்தவர்கள் இரண்டு வரியில் நிறுவிவிடலாம். மனித உடம்பு உண்மையில் முக்கோணம் அல்ல என்பது அவருக்கும் தெரியும். ஆனால் அந்த எளிய படத்தை வைத்துத்தான் இதயத்தின் மின்னச்சு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று இன்றும் கணிக்கிறார்கள். இதயத்தை அல்லாஹ் எத்தனை நுட்பமாகப் படைத்திருக்கிறான் என்பதை எனக்குக் காட்டியது இந்த முக்கோணக் கணக்கு.

இயந்திரம் லைடனோடு நின்றுவிடவில்லை. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானக் கருவிக் கம்பனி அதைத் தயாரித்து விற்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் மேசையில் வைக்கக்கூடிய அளவுக்குச் சிறிதாக்கிவிட்டது. இலண்டனில் தோமஸ் லூயிஸ் என்ற இளம் வைத்தியர் அதை நோயாளிகளிடம் இடைவிடாமல் பயன்படுத்தி, ஒழுங்கற்ற இதயத் துடிப்பின் வகைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார். ஐந்தோவனுக்கும் அவருக்கும் பல ஆண்டுகள் கடிதப் போக்குவரத்து இருந்தது. கருவியைச் செய்தவர் ஒருவர், அதை நோயாளியின் கட்டிலருகே கொண்டுபோனவர் இன்னொருவர். பின்னர் நோபல் உரையில் ஐந்தோவன் லூயிஸின் பங்கை எடுத்துச் சொன்னார்.

1924ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசு ஐந்தோவனுக்குக் கிடைத்தது. அப்போது அவர் அமெரிக்காவில் விரிவுரைப் பயணத்தில் இருந்தார். பரிசைப் பெற்ற பிறகு நடந்ததாக அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. கருவியைச் செய்வதில் கூடவே உழைத்த வன் டெர் வூர்ட்டுடன் பரிசுப் பணத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று ஐந்தோவன் அவரைத் தேடினார். அவர் முன்பே இறந்துவிட்டார் என்று தெரியவந்தது. அவருடைய சகோதரிகள் இருவர் வறுமையில் இருப்பதை அறிந்து, பரிசுப் பணத்தில் பாதியை அவர்களுக்குக் கொடுத்தாராம். நோபல் பரிசு பெற்றவர்களின் பட்டியலில் வன் டெர் வூர்ட்டின் பெயரை நீங்கள் காணமுடியாது.

கடைசிக் காலத்திலும் அவர் அந்த இழையை விடவில்லை. அவருடைய மகன் வில்லெம் பிரெடெரிக் மின் பொறியியலாளர். தந்தையும் மகனுமாகச் சேர்ந்து இழையை வெற்றிடத்துக்குள் வைத்தார்கள். காற்றின் தடை இல்லாததால் அது இன்னும் வேகமாக அதிர்ந்தது. இம்முறை அவர்கள் பதிவு செய்தது இதயத் துடிப்பை அல்ல. ஜாவாவிலிருந்து ஒல்லாந்துக்கு வந்துகொண்டிருந்த வானொலித் தந்திச் சமிக்ஞைகளை. பத்து வயதில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு விட்டு வந்த தீவிலிருந்து, அறுபது வயதைக் கடந்த பிறகு, தாம் செய்த நூலின் வழியாகச் செய்தி வந்து சேர்ந்தது. மகன் பின்னர் ஜாவாவின் பண்டுங் நகருக்கு வானொலி ஆய்வுகூடப் பணிக்குப் போனார்.

ஐந்தோவன் நீண்டகாலம் நோயுற்றிருந்து, 1927 செப்டெம்பர் மாத இறுதியில் லைடனில் காலமானார். அந்த நகரத்துக்கு அருகிலுள்ள ஊக்ஸ்ட்கேஸ்ட் கிராமத்தின் பழைய தேவாலயத்தையொட்டி அவரை அடக்கம் செய்தார்கள்.